நினைவு தவறும் கணிப்பொறி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மறதி மனிதனுக்கு இயற்கை. இரவெல்லாம் விழித்துப் படித்த சமன்பாடு, தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்த மறுகணமே பறந்துபோவதை நம்மில் அறியாதார் யார்? ஆயினும் நமக்கு ஒரு வசதி உண்டு. மறந்துவிட்டோம் என்பது நமக்கே தெரியும். விடைத்தாளில் இடம் விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். கணிப்பொறியின் நினைவு பழுதுபட்டால் அது இடம் விடுவதில்லை. தவறான விடையைச் சரியான விடைக்குரிய அதே அமைதியோடு எழுதிவைத்துவிடுகிறது. எங்கள் துறைக் கணிப்பொறி ஒன்றில் இந்தக் கல்வியாண்டில் இது நிகழ்ந்தது. அந்தப் பழுது எத்தகையது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்குள் அது என்னவெல்லாம் செய்திருந்தது என்பவற்றைச் சக மாணவர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

நினைவகம் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். கோப்புகள் தங்கியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் நினைவகம்தான். மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ராமும் நினைவகம்தான். கிராமத்து வீடுகளில் குதிரும் முறமும் இருப்பது போன்றது இது. நெல் ஆண்டு முழுதும் கிடப்பது குதிரில்; புடைக்க வேண்டுமானால் முறத்தில் கொட்டித்தான் ஆகவேண்டும். எந்தக் கோப்பைத் திறந்தாலும், அதில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், அது ராம் என்னும் முறத்துக்கு வந்த பிறகே குதிருக்குத் திரும்புகிறது. முறத்தில் பொத்தல் இருக்குமானால் குதிர் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

ஓட்டைப் பானைகள்

இன்றைய ராமின் அடிப்படை மிக எளிய ஓர் எண்ணம். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டெனார்டுக்கு 1966-ல் அது தோன்றியது. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஓர் அறைக்கு இவ்வளவே தேவை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. 1970-ல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்னும் சில்லு, அறைக்கு மூன்று டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தாலும், மின்னூட்டத்தைக் கொண்டு நினைவு வைக்கும் இதே வகையைச் சேர்ந்தது. அதில் இருந்த அறைகள் 1,024. எங்கள் துறைக் கணிப்பொறியில் இருந்த 4 ஜி.பி. பலகை ஒன்றில் ஏறத்தாழ 3,436 கோடி அறைகள்!

ஆய்வகத்தில் நாம் மின்தேக்கியை மின்னேற்றி, மின்தடை வழியாக இறக்கி, வளைகோடு வரைகிறோம் அல்லவா? ராமின் ஒவ்வோர் அறையிலும் அதே வளைகோடுதான் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு அளவில்தான். நாம் மைக்ரோஃபாரடில் அளக்கிறோம். இங்குள்ளவை ஃபெம்டோஃபாரடில் அளக்கப்படுபவை, அதாவது மைக்ரோஃபாரடின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அலகில். இவ்வளவு சிறிய பானை ஒழுகாமல் இருக்குமா? ஒழுகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் வைத்திருக்க ஒரே வழி, வடிந்து தீருமுன் மறுபடியும் ஊற்றிக்கொண்டே இருப்பது. ராமில் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை படித்து, படித்ததையே திரும்ப எழுதிவிடுகிறார்கள். விநாடிக்கு 15 முறை என்று வைத்துக்கொள்ளலாம். சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒழுக்கு மிகுந்துவிடும். அப்போது 32 மில்லி விநாடிக்கு ஒருமுறை.

3,436 கோடி பானைகளில் சில மட்டும் மற்றவற்றைவிட விரைவாக ஒழுகினால் என்ன ஆகும்? தன் முறை வருமுன்பே அந்த அறையின் மின்னூட்டம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். படிக்கும் சுற்று அதை 0 என்று படிக்கும். படித்ததைத்தானே திரும்ப எழுத வேண்டும்? ஆகவே 0 என்றே எழுதிவைக்கும். அதன்பின் அந்த இடத்தில் 1 இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஒரே ஓர் இருமம், அதாவது பிட், மாறுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நம் எழுத்துகளையே பார்ப்போம். யூனிகோடு முறையில் ‘ப’வின் எண் 2986, ‘ந’வின் எண் 2984. இரும முறையில் எழுதினால் கடைசி எட்டு இலக்கங்கள் முறையே 10101010, 10101000. ஒரே ஓர் இலக்கம் விழுந்தால் ‘பகை’ ‘நகை’ ஆகிவிடுகிறது! பிழைதிருத்தும் மென்பொருளுக்கும் இது அகப்படாது. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. எண்களிலும் அப்படியே. எழுத்து வடிவில் 9-க்குரிய குறி 00111001. 1-க்குரிய குறி 00110001. அதுபோலவே 8-க்குரியது 00111000, 0-க்குரியது 00110000. நடுவில் உள்ள அந்த ஓர் இலக்கத்தை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் துறையில் நடந்தது

துறையில் மாணவர் பயன்பாட்டுக்கு உள்ள கணிப்பொறிகளுள் ஒன்று பிப்ரவரியில் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. சில வேளை நீலத்திரை காட்டி நின்றது. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காரணம் சொன்னது. மறுநாள் ‘பேஜ் ஃபால்ட்’ என்றது. அதற்கடுத்த நாள் காரணமே சொல்லாமல் அணைந்து எழுந்தது. சுருக்கிவைத்த கோப்பை விரித்தால் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்றது. அதே கோப்பு அடுத்த கணிப்பொறியில் ஒழுங்காக விரிந்தது. காலையில் ஓரளவு நன்றாக இருந்தது. பிற்பகலில் சண்டித்தனம் செய்தது.

இத்தகைய நேரத்தில் ஆளுக்கொரு கருத்துச் சொல்வது வழக்கம். வைரஸ் என்றனர் சிலர். மின்னழுத்தம் சரியில்லை என்றனர் சிலர். மூன்று முறை விண்டோஸ் புதிதாக ஏற்றப்பட்டது. மூன்றாம் முறை ஏற்றும்போதே, முதலில் 37 விழுக்காட்டிலும், மீண்டும் முயன்றபோது 81 விழுக்காட்டிலும் நின்றது. “தம்பி, பலகையைக் கழட்டி ரப்பரால தேச்சுப் போட்டா ஓடும்” என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் சொன்னார், செய்தார், இரண்டு நாள் ஓடவும் செய்தது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பலகையின் பொன்முலாம் பூசிய பற்களில் தூசியும் ஈரப் படிவும் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். (ரப்பர் முலாமையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி நல்லது. நம் வேதியியல் துறையில் கேட்டால் கொடுப்பார்கள்.) ஆனால் மூன்றாம் நாள் பழைய கதையே. வெளியிலிருந்து வந்து பார்த்த ஒருவர், மதர்போர்டு போய்விட்டது, இந்தப் பெட்டியைக் கழித்துவிடலாம் என்று கூறிச் சென்றார்.

கழித்துவிடலாம் என்பது எளிதாகச் சொல்லக்கூடிய சொல். கழிவுப் பட்டியலில் ஏறிய பொருளுக்கு மாற்று எப்போது வரும் என்பதை அரசுக் கல்லூரியில் படிக்கும் நாம் அறியாததன்று. வீட்டில் கணிப்பொறி இல்லாத என்னைப் போன்றோர்க்குத் துறையில் உள்ளதுதான் கணிப்பொறி. எனவே, கழிப்பதற்கு முன் காசு செலவில்லாத சோதனைகளையாவது செய்துபார்க்கலாம் என்று பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். ஒரு வாரம் தந்தார்கள்.

37-லும் 81-லும் நின்றதே, அதுதான் எனக்கு முதல் துப்பு. டிஸ்க்கில் ஓரிடம் கெட்டிருந்தால் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தவறு வரும். நிரலில் பிழை என்றால் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் வரும். இரண்டும் ஓரிடத்தில் நிற்கும் தவறுகள். ராமில் பழுதுபட்ட அறையும் ஓரிடத்தில்தான் நிற்கிறது; ஆனால் அந்த அறையில் யார் வந்து தங்குகிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இன்று உலாவியின் ஒரு பகுதி, நாளை அச்சுப்பொறி நிரல், மறுநாள் நம் கட்டுரை. அதனால்தான் பழியும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் மேல் விழுகிறது. 1990-களில் லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ரோகியர் வோல்ஃப் என்பவர் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். பெரிய நிரலைத் தொகுக்கும்போது ‘சிக்னல் 11’ என்று நின்றுவிட்டால், மறுபடி ஓட்டிப் பாருங்கள். வேறோர் இடத்தில் நின்றால் பொருளில் பழுது, பெரும்பாலும் ராமில், என்பது அதன் சாரம். நிரல்கள் எவ்வளவோ மாறிவிட்ட பிறகும் அந்த விதி மாறவில்லை.

முதல் சோதனை இதுதான். ஏறத்தாழ 3 ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். ஷா-256 என்னும் முறையில் எந்தக் கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடலாம்; கோப்பில் ஓர் இருமம் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். அடுத்த கணிப்பொறியில் ஐந்து முறை கணக்கிட்டேன், ஐந்தும் ஒன்றே. நோயுற்ற கணிப்பொறியில், ஒவ்வொரு முறையும் அணைத்து எழுப்பிய பின், பிற்பகலில் மூன்று முறை கணக்கிட்டேன். மூன்று விடைகள்! அவற்றுள் ஒன்று மட்டுமே சரியானது.

இதனாலேயே ராம்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. செயலி அளவுமீறிச் சூடானாலும், மின்வழங்கி தள்ளாடினாலும் இதே கூத்து நடக்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். விசிறியின் தூசியைத் துடைத்துப் பார்த்தேன், வெப்பநிலை வரம்புக்குள் இருந்தது, தவறு தொடர்ந்தது. பக்கத்துக் கணிப்பொறியின் மின்வழங்கியை மாற்றிப் பொருத்தினோம், தவறு தொடர்ந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றித் தவறு நின்றிருந்தால் எதனால் நின்றது என்று கடைசிவரை தெரிந்திராது. (சொந்தமாகக் கணிப்பொறி வைத்திருப்போர், ராமின் வேகத்தை அமைப்பில் உயர்த்தியிருந்தால், முதலில் அதை இயல்பு வேகத்துக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பலகையையும் விரட்டினால் தடுமாறும்.)

அடுத்தது ராமையே நேராகச் சோதிப்பது. இதற்கு மெம்டெஸ்ட் என்னும் நிரல் உண்டு. 1994-ல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86-ம், அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ என்பதும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸிலும் 2007 முதல் ஒரு சோதனை உள்ளடங்கியே வருகிறது. மெம்டெஸ்ட் பென்டிரைவிலிருந்து தனியே எழும், விண்டோஸ் தேவையில்லை. அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் ஓடினால் அது ராமில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தைச் சோதிக்க முடியாது. மெம்டெஸ்ட் செய்யும் வேலை எளியது. எல்லா அறைகளிலும் 0 எழுதிப் படிக்கும். 1 எழுதிப் படிக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி எழுதிப் படிக்கும். கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் போகும். ஓர் அறையில் எழுதும்போது பக்கத்து அறை கெடுகிறதா என்பதையும் இதனால் காணலாம். எழுதியது ஒன்று, படித்தது வேறு என்றால் சிவப்புக் கோடு.

காலை 9 மணிக்குத் தொடங்கினோம். முதற்சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஒரு தவறும் இல்லை என்று முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கலைந்துபோனார்கள். இங்கே நிறுத்திவிடுவோர் பலர். ராம் நன்றாகத்தான் இருக்கிறது என்று வேறிடம் தேடப் போய்விடுவார்கள். நிரலை ஓடவிட்டு வகுப்புக்குச் சென்றேன். 2 மணிக்குத் திரும்பியபோது திரை சிவந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட முகவரிகள். எல்லாவற்றிலும் தவறு ஒரே மாதிரி. எழுதியது 11111111, படித்தது 11110111. சூடேறிய பிறகு, ஒரே நெடுவரிசையைச் சேர்ந்த அறைகள், ஒரே இலக்கத்தில், 1-ஐ 0 ஆக்கிக்கொண்டிருந்தன. காலையில் பிழைத்துப் பிற்பகலில் நோய்வாய்ப்பட்டதன் காரணம் இதுவே.

இன்னும் ஒரு கேள்வி இருந்தது. கெட்டது பலகையா, பலகை செருகியிருக்கும் ஸ்லாட்டா? பலகைகள் இரண்டு, ஸ்லாட்டுகள் இரண்டு. ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனித்தனியே வைத்தால் நான்கு சோதனைகள். தவறு பலகையோடு இடம்பெயர்ந்தால் பலகை கெட்டது. ஸ்லாட்டோடு நின்றுவிட்டால் மதர்போர்டு கெட்டது. (கழற்றுமுன் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நல்ல சில்லையும் கொன்றுவிடும்.) நான்கு சோதனைக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒரு பலகை இரண்டு ஸ்லாட்டிலும் இரவு முழுதும் தவறின்றி ஓடியது. மற்றது இரண்டிலும் அதே இலக்கத்தில் தவறியது. மதர்போர்டு குற்றமற்றது.

விண்கதிரும் வாக்குச்சீட்டும்

துறைக் கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, விண்கதிர்களால் ராமில் தவறு வருமாமே, இது அதுவாக இருக்கக் கூடாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார்கள். வரும் என்பது உண்மையே. 1978-ல் இன்டெல் ஆய்வாளர்கள் மேயும் உட்ஸும், சில்லின் உறையில் இருந்த மிகச் சிறு அளவு யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்களே ராமில் தவறு செய்கின்றன என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே விண்கதிர்களும் அவ்வாறு செய்யக்கூடும் என்று சீக்லரும் லான்ஃபோர்டும் எழுதினார்கள். 2003 மே 18-ல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஷார்பேக் என்னும் ஊரில், ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் மிகுதியாகப் பதிவாயின. கிடைக்கவே முடியாத அளவு என்பதால்தான் அது கண்ணில் பட்டது. 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. ஒரே ஓர் இருமம் 0-விலிருந்து 1 ஆனால் கூடும் தொகை. நிரலில் பிழை ஒன்றும் காணப்படவில்லை. இருமம் தானே மாறியிருக்க வேண்டும், விண்கதிர் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கொண்டார்கள்.

ஆனால் விண்கதிரின் தவறு வந்து போவது. அதே அறையில் மறுபடி வராது. எங்கள் பலகை நான்கு நாளும் ஒரே இலக்கத்தில் தவறியது. கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரை ஒன்றும், ராம் தவறுகளில் பெரும்பங்கு இவ்வாறு நிலைத்த பழுதால் வருபவையே என்கிறது. ஆண்டுக்கு 100 பலகைகளில் 8-க்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு தவறைக் காட்டினவாம். அங்கே அத்தவறுகள் திருத்தப்பட்டுவிடுகின்றன. 1950-ல் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹேமிங் வகுத்த வழியில், 64 இருமங்களுக்கு 8 காவல் இருமங்களைச் சேர்த்து வைத்தால், ஒன்று மாறினால் திருத்தலாம். இரண்டு மாறினால் கண்டுபிடிக்கலாம். வங்கிகளின் பெருங்கணிப்பொறிகளில் இந்தக் காவல் உண்டு. நம் மேசைமேல் உள்ளவற்றில் பெரும்பாலும் இல்லை. விலை கருதி விட்டுவிடுகிறார்கள். இது சரியான சிக்கனமாக எனக்குத் தோன்றவில்லை.

மேகம் மறைத்த கதை

பழுது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் உண்மையான கவலை தொடங்கியது. பிப்ரவரி முதல் அந்தக் கணிப்பொறியில் வேலை செய்தவர்களின் கோப்புகள் என்ன ஆயின? மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் இருவர், சூரிய மின்தகட்டின் மின்னழுத்தத்தை நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம் பதிவு செய்திருந்தார்கள், 43,200 அளவீடுகள். பதிவுக் கருவியின் அட்டையிலிருந்து கோப்பை இந்தக் கணிப்பொறிக்கு மாற்றி, தலைப்பு இட்டு, திருத்தி, பல நாள் திறந்து மூடியிருந்தார்கள். நல்லவேளையாக, அட்டையில் இருந்த மூலத்தை அழிக்கவில்லை. இரண்டையும் மற்றொரு கணிப்பொறியில் வரிவரியாக ஒப்பிட்டோம்.

17 இடங்களில் வேறுபாடு. பதினேழிலும் 8 இருந்த இடத்தில் 0. அல்லது 9 இருந்த இடத்தில் 1. வேறு எந்த எண்ணும் மாறவில்லை. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்த ஓர் இலக்கம்தான்! ஆறு இடங்களில் 18 வோல்ட் 10 ஆகவும், 19 வோல்ட் 11 ஆகவும் இறங்கியிருந்தது. மற்றப் பதினொன்றும் தசமப் புள்ளிக்குப் பின் நிகழ்ந்தவை, 18.9 என்பது 18.1 என்றிருந்தால் யார் ஐயப்படுவார்கள்? ஐயத்துக்கிடமான அந்த ஆறையும் அண்ணன்மார் முன்பே கவனித்திருந்தார்கள். நண்பகலில் ஒரு நிமிடம் மட்டும் மின்னழுத்தம் வீழ்வதற்குக் கடந்து செல்லும் மேகங்களே காரணம் என்று திட்ட அறிக்கையில் அரைப்பக்கம் எழுதி, வரைபடமும் இணைத்திருந்தார்கள். படித்தால் நம்பும்படியாகவே இருந்தது. அந்த அரைப்பக்கம் நீக்கப்பட்டு, மூலக் கோப்பிலிருந்து எல்லாக் கணக்குகளும் மீண்டும் செய்யப்பட்டன. அறிக்கையைத் தர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மற்றவர்களின் கோப்புகளுக்கு மூலம் இல்லை. பிப்ரவரி முதல் வாரத்துக்கும் பலகை கழற்றப்பட்ட நாளுக்கும் இடையில் அந்தக் கணிப்பொறியில் சேமிக்கப்பட்ட எதையும் கையெழுத்துக் குறிப்பேட்டோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்று துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். டிஸ்க்கில் விண்டோஸ் நான்காம் முறையாக ஏற்றப்பட்டது. பழுதான ராமின் வழியே ஏறிய நிரலும் கெட்டிருக்கக்கூடும் அல்லவா? இம்முறை 22 நிமிடத்தில் நிற்காமல் ஏறியது. கெட்ட பலகை, யாரும் தவறி மறுபடி செருகிவிடாதபடி, சிவப்பு மையில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டப்பட்டு ஆய்வக அலமாரியில் இருக்கிறது. கணிப்பொறி இப்போது 4 ஜி.பி. ராமோடு சற்று மெதுவாக ஓடுகிறது. இன்னொரு பலகை கேட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.